கே விளையாட்டுப் போட்டிகளின் சீருடை

கே விளையாட்டுப் போட்டிகளின் சீருடை என்பது, 1982ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் தொடங்கிய கே விளையாட்டுப் போட்டிகளில் பங்குபெறும் அணிகள் அணியும் உடையைக் குறிக்கும். இப்போட்டிகள் பொதுவாக நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகின்றன. இச்சீருடைக்கு இரண்டு தனித்தன்மைகள் உண்டு. ஒன்று, அதில் நாட்டின் பெயருக்குப் பதிலாக ஊரின் பெயர் இடம்பெற்றது. மற்றொன்று, முதற் போட்டிக்காக அச்சிட்டு விற்கப்பட்ட பனியன்களில் இருந்த "ஒலிம்பிக்" என்ற சொல், போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்களே இருந்தபோது நீதிமன்ற ஆணையால் நீக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லுக்கான வழக்கு ஐந்து ஆண்டுகள் நடந்து, ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சொல் விளக்கம்

"கே" என்ற ஆங்கிலச் சொல் தன்பாலீர்ப்பு உடையவர்களை, குறிப்பாக ஆண்களைக் குறிக்கும். போட்டியின் பெயரில் அச்சொல் பரந்த பொருளில் ஆளப்படுகிறது. தமிழில் இச்சமூகத்தை நங்கை (பெண்களை விரும்பும் பெண்), நம்பி (ஆண்களை விரும்பும் ஆண்), ஈரர் (இரு பாலரையும் விரும்புபவர்), திருனர் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து வேறுபட்ட பாலின அடையாளம் உடையவர்) எனப் பகுத்துக் கூறுவர். இப்போட்டிகளில் பங்குபெற இவற்றுள் ஒருவராக இருக்க வேண்டும் என்ற விதி கிடையாது. எவரும் சேரலாம். தகுதிச் சுற்றும் இல்லை. ஆகவே "இது ஒரு சாராருக்கு மட்டுமான போட்டி" என்று பரவலாகக் கருதப்படுவது பிழையாகும்.

பின்னணி

போட்டிகளைத் தோற்றுவித்தவர் டாம் வாடெல் (1937–1987). இவர் மருத்துவர், டெகாத்லான் எனப்படும் பத்து நிகழ்வுத் தடகள வீரர். 1968ஆம் ஆண்டு மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் தமது முப்பதாம் வயதில் பங்குபெற்று ஆறாம் இடம் பெற்றார். அப்போது அவர் அமெரிக்கத் தரைப்படையில் மருத்துவராகப் பணியாற்றிக் கொண்டிருந்தார்.

விளையாட்டு வீரரின் உடை எவ்வளவு பேசும் என்பதற்கு அதே ஒலிம்பிக் ஒரு சான்று. அக்டோபர் 16 அன்று 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கமும் வெண்கலமும் வென்ற டாமி சிமித், ஜான் கார்லோசு ஆகிய இரு கறுப்பின வீரர்கள், காலணியின்றிக் கருப்புக் காலுறையுடன் மேடையேறி, கருப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்றனர். காலணி இல்லாமை கறுப்பின மக்களின் வறுமையைக் குறித்தது. வெள்ளி வென்ற ஆஸ்திரேலியரான பீட்டர் நார்மன் உட்பட மூவரும் தம் சட்டையில் மனித உரிமைச் சின்னம் ஒன்றைக் குத்தியிருந்தனர். சிமித்தும் கார்லோசும் அணியிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களை ஆதரித்துச் செய்தியாளர்களிடம் பேசிய வாடெல், படைத்துறை நீதிமன்ற விசாரணைக்கு உள்ளாக நேரும் என மிரட்டப்பட்டார்.

முழங்காற் காயத்தால் போட்டிகளிலிருந்து விலகிய வாடெல், 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினார். தன்பாலீர்ப்பினருக்கு விளையாட்டுத் திறன் இல்லை என்ற எண்ணம் அக்காலத்தில் பொதுமக்களிடம் மட்டுமன்றித் தன்பாலீர்ப்பினர் பலரிடமும் வேரூன்றி இருந்தது. அதே வேளையில், உயர்நிலைப் போட்டிகளில் ஆடிய தன்பாலீர்ப்பினர் தம்மை மறைத்தே ஆட வேண்டியிருந்தது. இந்நிலைக்கு மாற்றாக 1980ஆம் ஆண்டில் வாடெல் முன்வைத்த திட்டமே "கே ஒலிம்பிக் போட்டிகள்". இதனை நடத்துவதற்குச் சான் பிரான்சிஸ்கோ கலை மற்றும் தடகளக் கழகம் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவாக்கப்பட்டது.

ஊர்ப் பெயரில் அணிவகுப்பு

ஒலிம்பிக்கில் வீரர் ஒருவர் தம் நாட்டு ஒலிம்பிக் குழுவின் வழியாகவே பங்குபெற முடியும். தன்பாலீர்ப்பினருக்கென ஓர் அணியை அனுப்ப 1982இல் எந்த நாட்டுக் குழுவும் முன்வந்திராது. எனவே நாடு என்ற அலகை விட்டு ஊர் என்ற அலகு எடுத்துக்கொள்ளப்பட்டது. வீரர்கள் தத்தம் நகரத்தின் சீருடையை அணிந்து, நகரக் கொடியின் பின்னே விளையாட்டரங்கினுள் அணிவகுத்து வர வேண்டும் என்பது திட்டம். இத்திட்டம் பின்னர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளது.

நடைமுறைக் காரணத்துக்கு அப்பால் இதில் ஒரு கொள்கையும் இருந்தது. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கை ஐக்கிய அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் புறக்கணித்திருந்தன. ஒலிம்பிக் பதக்கப் பட்டியல் பனிப்போரின் இன்னொரு களமாக மாறியிருந்த காலம் அது. வாடெல் நாட்டுக்கு நாடு போட்டி என்ற முறையையே விரும்பவில்லை. அதனால் கே விளையாட்டுப் போட்டிகளில் நாடுவாரியான பதக்கப் பட்டியல் வைக்கப்படவில்லை. வயதுப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற சிறந்த முயற்சியை எட்டுவதே வெற்றி எனக் கொள்ளப்பட்டது.

ஊர்ப் பெயரிட்ட சீருடையால் வேறொரு பயனும் விளைந்தது. சட்டத்தால் தன்பாலீர்ப்பைத் தண்டிக்கும் ஒரு நாட்டிலிருந்து வருபவர், அந்நாட்டின் பெயரையோ கொடியையோ மார்பில் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தம் ஊரின் பெயரைச் சுமந்தால் போதும். ஒருவரைப் புறக்கணித்த ஊரும் அவருடைய ஊர்தான் என்பதை அந்த உடை சொல்லாமல் சொன்னது எனலாம்.

பனியனும் நிதியும்

போட்டிக்குப் பெருநிறுவன ஆதரவோ, தொலைக்காட்சி உரிமத் தொகையோ இல்லை. செலவை ஈடுகட்டப் பனியன்கள், சட்டையில் குத்தும் வில்லைகள், வண்டிகளில் ஒட்டும் ஒட்டிகள் முதலியன விற்கப்பட்டன. அவை எல்லாவற்றிலும் "கே ஒலிம்பிக் போட்டிகள்" என்ற பெயர் இருந்தது. அதாவது, இங்கே பனியன் வெறும் நினைவுப் பொருள் அன்று. போட்டியின் வருவாயே அதைச் சார்ந்திருந்தது.

பெயர் மாற்றம் ஏன் பெரிய இடராக அமைந்தது என்பதை விளங்கிக்கொள்ளப் பனியன் அச்சிடும் முறையை அறிந்திருத்தல் உதவும். திருப்பூரிலும் பிற இடங்களிலும் ஸ்கிரீன் பிரிண்டிங் என வழங்கும் முறையே உலகெங்கும் பரவலானது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் ஒளியுணர் குழம்பு பூசி, அச்சிட வேண்டிய இடங்கள் மட்டும் திறந்திருக்குமாறு செய்து, அத்திறப்புகளின் வழியே மையை இழுத்து அழுத்துவர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சட்டம் தேவை. இனி அச்சிட இருக்கும் பனியனில் ஒரு சொல்லை விலக்குவது எளிது. சட்டத்தில் அச்சொல் உள்ள இடத்தை அடைத்துவிட்டால் போதும். ஆனால் அச்சிட்டு முடித்த பனியனில் அது இயலாது. பிளாஸ்டிசால் வகை மை ஏறத்தாழ 160 பாகை செல்சியசு வெப்பத்தில் இறுகி இழையோடு ஒட்டிவிடும். வெளுத்தாலும் போகாது. மேலே வேறு மை பூசியோ துணி வைத்துத் தைத்தோ மறைக்கலாம். அல்லது உடையையே கைவிட வேண்டும். மறைத்த இடமோ மறைத்த இடமாகவே தெரியும்.

தடையாணை

1978ஆம் ஆண்டின் அமெரிக்கப் பயில்நிலை விளையாட்டுச் சட்டத்தின் 110ஆம் பிரிவு, "ஒலிம்பிக்" என்ற சொல், ஐந்து வளையச் சின்னம், ஒலிம்பிக் முழக்கம் ஆகியவற்றை வணிகத்துக்கோ விளம்பரத்துக்கோ பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தும் உரிமையை ஐக்கிய அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்கு வழங்கியது. சாதாரண வணிகக்குறி வழக்கில், பொதுமக்கள் குழம்புவர் என்பதை வழக்குத் தொடுப்பவர் நிறுவ வேண்டும். இச்சட்டத்தின்படி அது தேவையில்லை.

1981 திசம்பர் இறுதியில் ஒலிம்பிக் குழுவின் செயல் இயக்குநர், அச்சொல்லைக் கைவிடுமாறு கழகத்துக்கு மடல் எழுதினார். கழகம் முதலில் இணங்கி, "ஒலிம்பிக்" என்பதற்குப் பதிலாகத் "தடகள" என்ற சொல்லைப் பயன்படுத்த ஒப்புக்கொண்டது. ஆனால் ஒரு மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டு பழைய சொல்லுக்கே திரும்பியது. 1982 மே மாதம் ஒரு செய்தித்தாளின் வழியாக இதனை அறிந்த ஒலிம்பிக் குழு, ஆகஸ்ட் மாதம் வடக்குக் கலிபோர்னியக் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் உடனடித் தடையும், தொடர்ந்து இடைக்காலத் தடையாணையும் பிறப்பித்தது.

போட்டியின் தொடக்க நாளோ ஆகஸ்ட் 28. அச்சிட்ட நிகழ்ச்சி நிரல், பதாகை, பனியன் என அனைத்திலிருந்தும் ஒரு சொல் வெளியேற வேண்டியதாயிற்று. நியூயார்க் நகரின் ஸ்டோன்வால் விடுதியிலிருந்து புறப்பட்டு நாட்டைக் குறுக்காகக் கடந்த தொடரோட்டச் சுடரும் பெயரிழந்த சுடராகவே வந்து சேர்ந்தது. (1969 சூன் மாதம் காவல்துறையின் சோதனைக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்த இடம் ஸ்டோன்வால் விடுதி. தற்காலத் தன்பாலீர்ப்பினர் உரிமை இயக்கத்தின் திருப்புமுனையாக அது கருதப்படுகிறது.)

எனினும் போட்டி நடந்தது. கெசார் விளையாட்டரங்கில் நடந்த தொடக்க விழாவில் பாடகி டினா டர்னர் பாடினார். பன்னிரண்டு நாடுகளிலிருந்து ஏறத்தாழ 1,350 பேர் பங்குபெற்றனர். திட்டமிட்டபடி ஊர் ஊராக அணிவகுத்து வந்தனர். முன்னாள் ஒலிம்பிக் போட்டியாளர்களான சூசன் மெக்ரீவி, ஜார்ஜ் பிரென் ஆகியோர் சுடரேந்தி வந்தனர். ஒலிம்பிக்கில் உண்மையாகவே ஆடியவர்களின் உடையில்கூட அச்சொல் இருக்க இயலாத நிலை அன்று நிலவியது. "கே விளையாட்டுப் போட்டிகள்" என்று இன்று நாம் வழங்கும் பெயர், இவ்வாறு ஒரு சொல் நீங்கிய பின் எஞ்சியதே.

இப்போட்டிகளின் கூட்டமைப்பு ஆவணங்கள் சான் பிரான்சிஸ்கோ பொது நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

தடையாணையோடு வழக்கு முடியவில்லை. மாவட்ட நீதிமன்றம் தடையை நிரந்தரமாக்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. மேல்முறையீட்டை மறு ஆய்வு செய்ய மறுத்தபோது அதற்கு உடன்படாத நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி, மாற்றுத்திறனாளிகளும் சிறாரும் காவலர்களும் நாய்களுங்கூட இச்சொல்லைப் பயன்படுத்தலாம், தன்பாலீர்ப்பினர் மட்டும் கூடாதா என்ற பொருளில் எழுதினார்.

இறுதியில் 1987 சூன் 25 அன்று ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி லூயிஸ் பவல். தீர்ப்பில் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது, ஒரு பொதுச் சொல்லை ஓர் அமைப்புக்கு உரிமையாக்குவது பேச்சுரிமைக்கு முரணா என்பது. அச்சொல்லுக்கு அமெரிக்காவில் இருக்கும் மதிப்பு ஒலிம்பிக் குழுவின் உழைப்பால் விளைந்தது, ஆகவே அதைக் காக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என நீதிமன்றம் கூறியது. இதில் ஏழு நீதிபதிகள் உடன்பட்டனர், இருவர் மறுத்தனர். இரண்டாவது, பிறருக்கு அச்சொல்லை அனுமதித்துவிட்டுத் தன்பாலீர்ப்பினருக்கு மட்டும் மறுப்பது பாகுபாடு ஆகாதா என்பது. இக்கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. ஒலிம்பிக் குழு ஓர் அரசு அமைப்பு அன்று, எனவே அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவ விதி அதனைக் கட்டாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவு செய்தது.

மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் பிரென்னன், சட்டத்தாலேயே நாட்டின் சார்பாளராக நிறுவப்பட்ட குழுவை அரசின் கருவியாகவே கருத வேண்டும் என்றார். "ஒலிம்பிக்" என்ற சொல் சுமக்கும் பொருளை வேறு எச்சொல்லும் சுமக்க முடியாது என்பதும் அவர் வாதம். பனியனில் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினால் செய்தி மாறாது என்று கருதுபவர்களுக்கு இது தக்க மறுமொழி.

நடுநிலை கருதி ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஒலிம்பிக் குழு தன்பாலீர்ப்பினரை மட்டுமே தடுத்தது என்று கூறிவிட முடியாது. வேறு சில அமைப்புகளும் அச்சொல்லைப் பயன்படுத்துவதை அது எதிர்த்துள்ளது. ஆனால் சிறப்பு ஒலிம்பிக், இளையோர் ஒலிம்பிக் போன்றவற்றுக்கு அது இசைவு தந்திருந்தது. இந்தியாவிலோ பஞ்சாபின் கிலா ராய்ப்பூரில் 1930கள் முதல் நடந்து வரும் விளையாட்டு விழா "கிராமிய ஒலிம்பிக்" என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் பொருந்திய சொல் கெசார் அரங்குக்குப் பொருந்தாமல் போனது.

தீர்ப்பு வந்தபோது வாடெல் எய்ட்சு நோயால் இறக்கும் தறுவாயில் இருந்தார். முந்தைய ஆண்டு நடந்த இரண்டாம் போட்டியில், நோயுற்ற நிலையிலும் ஈட்டி எறிதலில் தங்கம் வென்றிருந்தார். வழக்குச் செலவுத் தொகைக்காக அவருடைய வீட்டின் மீது ஒலிம்பிக் குழு சட்டப்படி உரிமை கோரிப் பதிந்திருந்தது. 1987 சூலை 11 அன்று, தீர்ப்பு வெளிவந்த பதினாறாம் நாள், தமது 49ஆம் வயதில் அவர் காலமானார்.

வழக்கில் ஒலிம்பிக் குழுவுக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் ஒருவர் வான் வாக்கர். பின்னாளில் கூட்டாட்சி நீதிபதியான இவர், கலிபோர்னியாவில் ஒருபால் திருமணத்தைத் தடைசெய்த சட்டத்திருத்தம் செல்லாது என 2010இல் தீர்ப்பளித்தார். தாமும் ஒரு தன்பாலீர்ப்பினர் என 2011இல் வெளிப்படையாக அறிவித்தார்.

துணியில் இட்ட குறிகள்

இப்போட்டிகளோடும் அவற்றின் உடைகளோடும் தொடர்புபடுத்தப்படும் குறிகள் இரண்டு: இளஞ்சிவப்பு முக்கோணம், வானவில். இவற்றுள் முதலாவது ஒரு சீருடையிலிருந்தே வந்தது. நாசி செருமனியில் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவின்கீழ் தண்டிக்கப்பட்ட ஆண்கள் பலர் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாறு அனுப்பப்பட்டோர் 5,000 முதல் 15,000 வரை இருக்கலாம் என வரலாற்றாய்வாளர் மதிப்பிடுகின்றனர். அவர்களின் கைதி உடையில் தலைகீழான இளஞ்சிவப்பு முக்கோணத் துணி தைக்கப்பட்டது. 1970களில் செருமானிய உரிமைச் செயற்பாட்டாளர்கள் அதே முக்கோணத்தைத் தாமாகவே சட்டையில் அணியத் தொடங்கினர். அடையாளம் காட்டித் தண்டிப்பதற்குத் தைக்கப்பட்ட துணி, விரும்பி அணியும் துணியாக மாறியது. ஆம்ஸ்டர்டாமில் 1987இல் அமைக்கப்பட்ட நினைவுச்சின்னமும் இம்முக்கோண வடிவிலானதே. 1998இல் ஐந்தாம் கே விளையாட்டுப் போட்டிகள் அந்நகரில் நடைபெற்றன.

வானவில் கொடியைச் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கில்பர்ட் பேக்கர் வடிவமைத்தார். தன்னார்வலர்கள் துணியைக் கையால் சாயமேற்றித் தைத்தனர். 1978 சூன் 25 அன்று அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதில் எட்டு நிறங்கள் இருந்தன. இன்று பரவலாகக் காணப்படும் கொடியில் ஆறு நிறங்களே உள்ளன. இதற்குக் கொள்கை மாற்றம் எதுவும் காரணம் இல்லை. கொடியைப் பெருமளவில் தயாரிக்க முற்பட்டபோது பளிச்சிடும் இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை, அதனால் அந்நிறம் கைவிடப்பட்டது. பின்னர் 1979இல், தெருவிளக்குக் கம்பங்களின் இரு புறமும் சமமாகப் பிரித்துத் தொங்கவிட ஏதுவாக இரட்டைப்படை எண் வேண்டியிருந்ததால் நீலப்பச்சையும் நீக்கப்பட்டது. காஞ்சிபுரம் போன்ற நெசவு ஊர்களை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. கேட்ட நிறத்தில் நூல் கிடைக்காத நாளில் சேலையின் கரையும் மாறிவிடுவதுண்டு.

பிற்காலத்தில்

கே விளையாட்டுப் போட்டிகள் 1990இல் வான்கூவருக்கும், 1994இல் நியூயார்க்கிற்கும் சென்று விரிவடைந்தன. சிட்னி (2002), சிகாகோ (2006), கோல்ன் (2010), கிளீவ்லாந்து (2014), பாரிஸ் (2018) ஆகிய நகரங்களிலும் நடைபெற்றன. கொரோனாத் தொற்றால் ஓராண்டு தள்ளிப்போன பதினோராவது போட்டிகள் 2023 நவம்பரில் ஆங்காங்கிலும் மெக்சிகோவின் குவாதலகாராவிலும் நடந்தன. ஆசியாவில் இப்போட்டிகள் நடந்தது அதுவே முதன்முறை. ஆனால் அங்கும் கொடியும் பெயரும் சிக்கலாயின. தாய்வானின் கொடியையோ பெயரையோ காட்டினால் ஆங்காங்கின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதாக நேரிடலாம் எனக் கருதிய தாய்வான் அமைப்பினர், அங்கே அணி அனுப்பப் போவதில்லை என 2021இல் அறிவித்தனர்.

ஒலிம்பிக் சொல்லைப் பனியனிலிருந்து நீக்கிய வரலாற்றுக்கு 2013இல் சுவையான ஒரு மறுபக்கம் அமைந்தது. உருசியா தன்பாலீர்ப்பு பற்றிய "பரப்புரையை"த் தடைசெய்து அவ்வாண்டு சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு குளிர்கால ஒலிம்பிக் உருசியாவின் சோச்சியில் நடைபெற இருந்தது. போட்டியாளர்கள் அரசியல் முழக்கம் பொறித்த உடை அணிய ஒலிம்பிக் விதி இடந்தராது. எனவே அத்லட் அல்லை, ஆல் அவுட் ஆகிய அமைப்புகள், பாகுபாட்டை மறுக்கும் ஒலிம்பிக் சாசனத்தின் ஆறாம் கொள்கையையே உடைகளில் அச்சிட்டு விற்றன. ஒலிம்பிக் இயக்கம் தன் சாசனத்தின் வாசகத்தையே அரசியல் என்று விலக்குவது கடினம் அல்லவா! 2014 திசம்பரில் பாலீர்ப்பு என்ற சொல் அக்கொள்கையில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது.

சோச்சிக்காகச் செருமானிய அணிக்குத் தைக்கப்பட்ட பலநிறச் சீருடையும் எதிர்ப்புக் குறியாகப் பேசப்பட்டது. அதை வடிவமைத்த வில்லி போக்னர், அது 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் நிறங்களை நினைவூட்டுவது என்று விளக்கினார். 2013 ஆகஸ்டில் மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் சுவீடனின் உயரம் தாண்டும் வீராங்கனை எம்மா கிரீன் திரெகாரோ, தகுதிச் சுற்றில் விரல் நகங்களில் வானவில் நிறம் பூசி வந்தார். அது விதிமீறலாகலாம் என எச்சரிக்கப்பட்டதால் இறுதிச் சுற்றில் சிவப்பு நிறம் பூசினார்.

2022ஆம் ஆண்டு கத்தாரில் நடந்த காற்பந்து உலகக்கிண்ணத்தில் 1982இன் நிகழ்வு ஏறக்குறைய அப்படியே திரும்பியது. பெல்ஜிய அணியின் மாற்றுச் சீருடையில், கழுத்துப்பட்டியின் உட்புறத்தில் "அன்பு" என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் இருந்தது. உடையின் ஓரங்களில் வானவில் நிறங்கள் இருந்தன. உலகக் காற்பந்துக் கூட்டமைப்பு அச்சொல்லை நீக்கச் சொன்னது. சட்டையை அணிந்தபின் எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருந்த சொல் அது.

மறுப்பு எப்போதும் மேலிடத்திலிருந்து மட்டுமே வந்தது என்றும் சொல்ல இயலாது. 2022 சூலையில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் அணியான மேன்லி சீ ஈகிள்ஸ் வானவில் பட்டைகள் கொண்ட சீருடையை அறிமுகப்படுத்தியபோது, சமய, பண்பாட்டுக் காரணங்களைக் கூறி ஏழு வீரர்கள் அதை அணிய மறுத்து ஓர் ஆட்டத்திலிருந்து விலகினர். வீரர்களைக் கலந்தாலோசிக்காமல் சீருடையை முடிவு செய்தது தவறு எனக் கூறி அணியின் பயிற்சியாளர் வருத்தம் தெரிவித்தார். வட அமெரிக்கப் பனி ஹாக்கிக் கழகமும் இத்தகைய மறுப்புகளுக்குப் பின், பயிற்சி நேரத்தில் சிறப்புச் சீருடைகள் அணிவதை 2023இல் நிறுத்தியது. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 1982இல் உடையை அணிந்தவர்களே அதைத் தேர்ந்தவர்கள். மேன்லியில் உடையைத் தேர்ந்தவர் ஒருவர், அணிய வேண்டியவர் வேறொருவர்.

இந்தியாவில்

பாரிஸில் பத்தாம் கே விளையாட்டுப் போட்டிகள் 2018 ஆகஸ்ட் 4 முதல் 12 வரை நடந்தன. அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ஒருபால் உறவைக் குற்றமாகவே கொண்டிருந்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2009இல் அளித்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2013இல் நீக்கியிருந்தது. போட்டிகள் முடிந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2018 செப்டம்பர் 6 அன்று வயது வந்தோர் இசைந்து கொள்ளும் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையில் அப்பிரிவு இடம்பெறவில்லை.

ஒடிசாவைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், தாம் ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாக 2019இல் அறிவித்தார். இந்திய விளையாட்டு வீரர்களுள் இவ்வாறு வெளிப்படையாகக் கூறிய முதலாமவர் இவரே. 2022 சூலை 28 அன்று பர்மிங்காம் பொதுநலவாயப் போட்டிகளின் தொடக்க விழாவில், பிரித்தானிய நீர்க்குதிப்பு வீரர் டாம் டேலியுடன் வானவில் கொடி ஏந்திச் சென்றவர்களுள் இவரும் ஒருவர். பொதுநலவாய நாடுகளுள் பாதிக்கும் மேற்பட்டவற்றில் ஒருபால் உறவு அன்று குற்றமாக இருந்தது.

திருனருக்கான போட்டிகளும் இந்தியாவில் தொடங்கியுள்ளன. கேரள மாநில விளையாட்டுக் குழு 2017 ஏப்ரலில் திருவனந்தபுரம் மத்திய விளையாட்டரங்கில் திருனர் தடகளப் போட்டியை நடத்தியது. மாநிலத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் வந்து ஓடினர். மணிப்பூரின் இம்பாலில் இயங்கும் யா ஆல் என்ற அமைப்பு 2020இல் திருநம்பிகளைக் கொண்ட காற்பந்து அணியை உருவாக்கியது. பெண்ணாகப் பிறந்ததாகக் குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவர் திருநம்பி எனப்படுவர். காற்பந்து ஆட்டத்துக்கு மணிப்பூர் பேர்பெற்ற மாநிலம் ஆதலால் அவ்வீரர்களுள் பலர் முன்னரே நன்கு ஆடிப் பழகியவர்கள். ஆனால் அதுவரை அவர்கள் அணிய முடிந்தது பெண்கள் அணியின் சீருடையை மட்டுமே.